சென்னையில் ஆறரை மணிக்கு மேல்: ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வேலைக்கோ படிப்புக்கோ சென்னைக்கு வந்திருக்கிறீர்கள் என்றால் முதல் வாரத்திலேயே யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள், "இந்த ஊர்ல ராத்திரி ஒண்ணும் கிடையாது, எட்டு மணிக்கு மேல தூங்கிடும்" என்று. நான் பிறந்து வளர்ந்தது திருவல்லிக்கேணியில். இந்த ஊரின் ராத்திரி எனக்கு அவ்வளவு பிடிக்கும், அதனால் அந்தப் பேச்சைக் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடிவதில்லை. பார், பப் கணக்கில் பார்த்தால் அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. நாடகம், பாட்டு, கூத்து, கவிதை, ஓவியம், சினிமா என்று பார்த்தால் வாரத்தில் ஒரு நாள்கூட இந்த ஊர் சும்மா இருப்பதில்லை. ஆனால் எதுவும் தெருவில் நின்று உங்களைக் கூப்பிடாது. தெரிந்தவர்களுக்கு மட்டுமே தெரியும் என்பதுபோல நடக்கும், உள்ளே போய்விட்டால் யாரும் உங்களை யார் என்று கேட்கவும் மாட்டார்கள். உள்ளே போவது எப்படி என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் நேரத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

இங்கே நிகழ்ச்சி ஆறரைக்கோ ஏழுக்கோ தொடங்கும், ஒன்பது, ஒன்பதரைக்குள் விளக்கு அணைந்துவிடும். எட்டு மணிக்குக் குளித்துத் தயாராகி ஒன்பதுக்குக் கிளம்பும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த ஊர் காலியாகத் தெரிவது இதனால்தான். ஓ.எம்.ஆர். பக்கம் வேலை பார்ப்பவர்கள் வார நாளில் ஆறு மணிக்குக் கிளம்பி நுங்கம்பாக்கத்தில் ஒரு நாடகத்தைப் பிடிக்க நினைக்க வேண்டாம், வழியிலேயே முதல் காட்சி போய்விடும். வார நாட்களுக்குத் திருவான்மியூர், அடையாறு, பெசன்ட் நகர். எழும்பூர், நுங்கம்பாக்கம், மயிலாப்பூரைச் சனி ஞாயிறுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: நிகழ்ச்சி முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். விளக்கு அணைந்த பிறகு அரங்க வாசலில் முக்கால் மணி நேரம் ஒரு கூட்டம் நிற்கும், நடித்தவர்கள் முகத்தில் பாதி ஒப்பனையோடு வந்து நிற்பார்கள், யாரோ வண்டி மேல் உட்கார்ந்துகொண்டு இரண்டாவது காட்சி ஏன் இழுத்தது என்று சண்டை போடுவார்கள், அப்புறம் அந்தக் கூட்டம் மொத்தமாக டீக்கடைக்கு நகரும். சென்னையின் ராத்திரி வாழ்க்கை என்று நான் சொல்வது அந்த முக்கால் மணி நேரத்தைத்தான். மேடையில் நடப்பது அதற்குள் போகும் வாசல்.

தகவல் எங்கே கிடைக்கும்

இன்ஸ்டாகிராமில் அரங்கங்களையும் நாடகக் குழுக்களையும் தேடிப் பின்தொடருங்கள், நாளிதழில் அன்றைய நிகழ்ச்சிகள் என்று சின்ன எழுத்தில் வரும் பகுதியைப் பாருங்கள். ஆனால் உண்மையான தகவல் வாட்ஸ்அப் குழுக்களில்தான் ஓடுகிறது, அதில் சேர்வதற்கு ஒருவராவது உங்களைத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஒருவரைப் பிடிக்க எனக்குத் தெரிந்த நல்ல இடம் புத்தகக் கடை. திருவான்மியூரில் பனுவல், கே.கே. நகரில் டிஸ்கவரி புக் பேலஸ், இரண்டிலும் புத்தக வெளியீடு, கவிதை வாசிப்பு, விமர்சனக் கூட்டம் என்று நடந்துகொண்டே இருக்கும். இருபது பேர் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் புது முகம் உடனே தெரிந்துவிடும், பக்கத்தில் இருப்பவர் தானாகவே "என்ன வாசிக்கிறீங்க?" என்று ஆரம்பிப்பார். சினிமாப் பைத்தியம் என்றால் இயக்குநர் பா. ரஞ்சித் தொடங்கிய கூகை நூலகத்துக்குப் போங்கள். உதவி இயக்குநர்களும் ஆக நினைப்பவர்களும் நாள் முழுக்க உட்கார்ந்து படிக்கிற இடம், திரையிடல்களும் நடக்கும். ஜனவரியில் வந்திருந்தீர்கள் என்றால் இந்த அலைச்சலே வேண்டாம், புத்தகக் காட்சிக்கு மாலையில் போய் இரண்டு மணி நேரம் சுற்றினால் பாதிப் பேரைப் பார்த்துவிடலாம்.

முதல் மாதம்: காசு கேட்காத வாசல்கள்

எடுத்த எடுப்பில் டிக்கெட் வாங்க வேண்டாம். நுங்கம்பாக்கத்தில் பிரெஞ்சுக் கலாசார மையமான அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது, அதே பகுதியில் ரட்லண்ட் கேட் பக்கம் ஜெர்மானியரின் கெதே நிலையம், எனக்குத் தெரிந்தவர்கள் மாக்ஸ் முல்லர் பவன் என்றுதான் சொல்வார்கள். இரண்டிலும் திரையிடல், கச்சேரி, புகைப்படக் கண்காட்சி, பேச்சு என்று நிறைய நடக்கும், பெரும்பாலானவற்றுக்கு நுழைவு இலவசம். ஜூன் 21 உலக இசை நாளை ஒட்டி அலியான்ஸ் பக்கம் போனால் உள்ளூர் இசைக் குழுக்களைக் கேட்கலாம்.

கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமி. கண்காட்சி திறக்கும் நாளில், அதுவும் மாலையில் போங்கள். ஓவியர் பக்கத்திலேயே நிற்பார், சமோசாவும் டீயும் இருக்கும், உங்களுக்கு ஓவியம் பற்றி எதுவும் தெரியாது என்றாலும் "இது எப்படிச் செய்தீர்கள்?" என்று ஒரு கேள்வி போதும். அவர்கள் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். எழும்பூர் கவின் கலைக் கல்லூரியில் படித்தவர்கள் நிறையப் பேரை அங்கே சந்திப்பீர்கள். 1850இல் தொடங்கிய பள்ளி அது. மெரினாவில் உழைப்பாளர் சிலையைப் பார்த்திருப்பீர்கள் இல்லையா, அதைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அந்தக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர்.

அவருக்குப் பின்னால் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர்தான் 1966இல் தன் மாணவர்களோடும் ஓவியர்களோடும் ஈ.சி.ஆரில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உண்டாக்கினார். பத்திக் துணி, கைவினைப் பொருட்கள் செய்து விற்று, அந்தப் பணத்தைச் சேர்த்து நிலம் வாங்கி, அதிலேயே வீடு கட்டிக் குடியேறினார்கள். யாரிடமும் கைநீட்டாமல், வரைந்துகொண்டே வாழ வேண்டும் என்ற ஒரே பிடிவாதம். இந்த ஊரில் கலைஞனாக வாழ முடியுமா என்று உங்களுக்குள் ஒரு கேள்வி இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே போய் நடந்துவிட்டு வாருங்கள். சென்னை ஓவிய இயக்கத்துக்கென்றே ஒரு அருங்காட்சியகமும் உள்ளே இருக்கிறது. ராத்திரி இடம் கிடையாது, மாலையிலேயே மூடிவிடுவார்கள், பகலோடு போய்விடுங்கள்.

நாடகம்

எழும்பூர் அருங்காட்சியக வளாகத்துக்குள் மியூசியம் தியேட்டர் இருக்கிறது, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது, வட்டமாகச் சரியும் இருக்கைகள். எந்த வரிசையில் உட்கார்ந்தாலும் நடிகர் உங்களுக்குப் பக்கத்தில் பேசுவது போல இருக்கும். அங்கே ஒரு நாடகமாவது பார்த்தே ஆக வேண்டும், மொழி ஆங்கிலமாக இருந்தாலும் பரவாயில்லை. 1955இலிருந்து ஆங்கில நாடகம் போட்டுவரும் மெட்ராஸ் பிளேயர்ஸ் இந்த ஊர்க் குழுதான்.

தமிழில் நவீன நாடகம் என்று போனால் கூத்துப்பட்டறையிலிருந்து தொடங்க வேண்டும். ந. முத்துசாமி 1977இல் தொடங்கியது, அவர் 2018இல் காலமானார். தெருக்கூத்தின் உடலையும் குரலையும் எடுத்து நவீன நாடகத்துக்குக் கொண்டுவந்தவர்கள். பசுபதி அங்கிருந்து வந்தவர், விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதிக்கொண்டே நடிப்பைப் பார்த்துக் கற்றவர். பிரளயனின் சென்னைக் கலைக்குழு 1984இலிருந்து வீதி நாடகம் போடுகிறது, அ. மங்கையின் மரப்பாச்சி இருக்கிறது, திருநர் கலைஞர்கள் நடிக்கும் கட்டியக்காரி இருக்கிறது. இவர்கள் நாடகங்கள் மாதாமாதம் வராது, வரும்போது விட்டுவிடாதீர்கள். மொட்டை மாடியிலும் கல்லூரி வகுப்பறையிலும் போடுவார்கள், டிக்கெட் முன்னூறு ஐந்நூறுக்குள் இருக்கும், சில இடங்களில் கடைசியில் துண்டேந்தி வருவார்கள். துண்டேந்தி வரும்போது கையில் பணம் இல்லை என்று ஜிபே தேடிக்கொண்டிருக்காமல் முன்கூட்டியே நூறு, இருநூறு தாளாக வைத்திருங்கள். ஒத்திகை நடத்த இடத்துக்கு வாடகை கொடுக்கவே திண்டாடுகிற குழுக்கள் இவை, அந்தப் பணம் நேராக அதற்குத்தான் போகிறது.

நாடகம் முடிந்ததும் கலந்துரையாடல் வைத்தால் உட்காருங்கள். பேசத் தயக்கமாக இருந்தால் பேச வேண்டாம்.

மார்கழி

டிசம்பர் 15 வாக்கில் தொடங்கி ஜனவரி முதல் வாரம் வரை இந்த ஊர் வேறு ஊர். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது கூடவே ஒரு இசை மாநாடும் நடந்தது, அதிலிருந்து மியூசிக் அகாடமி பிறந்து, பிறகு ஒவ்வொரு சபாவும் டிசம்பரைப் பிடித்துக்கொண்டது. புதியவர்கள் பயப்படுவது ராகம் தெரியாதே என்றுதான். தெரிய வேண்டாம். காலையிலும் பகலிலும் நடக்கும் கச்சேரிகளுக்குப் பெரும்பாலும் டிக்கெட் கிடையாது, அப்போது பாடுவது இளையவர்கள், உங்கள் வயதுக்காரர்களாகவே இருப்பார்கள். அங்கிருந்து ஆரம்பியுங்கள். பிடித்த குரல் கிடைத்துவிட்டால் அவர்கள் வேறு எந்த சபாவில் பாடுகிறார்கள் என்று தேடிப் போவதில் ஒரு சுகம் இருக்கிறது.

ஒரு வேண்டுகோள். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதி அரங்கம் காபிக்கு எழுந்து போகும். நீங்கள் போகாதீர்கள். மிருதங்கமும் கஞ்சிராவும் கடமும் பேசிக்கொள்கிற அந்தப் பத்து, பதினைந்து நிமிடம்தான் ராகம் தெரியாதவர்களுக்கும் முழுசாகப் பிடிபடுகிற இடம், அதோடு அதுவரை இரண்டு மணி நேரம் பாடகருக்காக வாசித்தவர்களுக்குக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு அது. கேன்டீன் எங்கேயும் போகாது, கச்சேரி முடிந்து போனாலும் சூடாகவே கிடைக்கும்.

நகரத்தின் மற்ற பாதி

இதுவரை நான் சொன்ன இடங்களை வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். நுங்கம்பாக்கம், மயிலாப்பூர், அடையாறு, திருவான்மியூர். நிறையப் பேர் இதோடு நின்றுவிடுகிறார்கள், வருஷக்கணக்காக இங்கே இருந்துவிட்டு வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு பக்கம் ஒரு முறைகூடப் போயிருக்க மாட்டார்கள். இந்த ஊருக்கே சொந்தமான பாட்டு என்றால் அது கானா, அது வளர்ந்தது அங்கேதான்.

கானாவின் வேர்களில் ஒன்று சாவு வீடு. இறந்தவரை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க அவர் வாழ்க்கையைப் பாடுவார்கள். இதைப் படித்துவிட்டு "ஒரு மரண கானா பார்க்கணும்" என்று யாரையும் கேட்டுக் கிளம்பாதீர்கள், அது ஒரு குடும்பத்தின் துக்கம். மேடைக் கானாவுக்குப் போங்கள். 2017இல் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து கானாப் பாடகர்களையும் ராப், ராக் கலைஞர்களையும் ஒன்றாக்கி 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவை உண்டாக்கினார்கள், 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் முதல் மேடை. இடஒதுக்கீடு, மாட்டுக்கறி, சாதி என்று நேருக்கு நேர் பாடினார்கள். அதில் பாடிய இசைவாணி, ஆண்களின் இடமாகவே இருந்த கானாவில் பெண்ணாக நின்று பாடியவர், 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். அதே 2020 டிசம்பரில் நீலம் 'மார்கழியில் மக்களிசை'யைத் தொடங்கியது: பறை, கானா, ஒப்பாரி, நாட்டார் பாடல் எல்லாம் சபா சீசன் நடக்கும் அதே மாதத்தில். சபாவுக்கு ஒரு நாள் போனால் இதற்கும் ஒரு நாள் போங்கள். இரண்டையும் கேட்காமல் சென்னையின் மார்கழியைப் பார்த்துவிட்டேன் என்று சொல்ல முடியாது என்றே நினைக்கிறேன்.

பொங்கல் சமயத்தில் சென்னை சங்கமம். 2007இல் தொடங்கி, இடையில் நின்று, 2023இல் 'நம்ம ஊரு திருவிழா' என்று திரும்ப வந்தது. தமிழ்நாடு முழுவதிலிருந்தும் நாட்டுப்புறக் கலைஞர்கள் வந்து பூங்காவிலும் மைதானத்திலும் ஆடுவார்கள், இலவசம். குழந்தைகள் மேடைக்கு முன்னால் தரையில் உட்காரும் இடத்தில் நீங்களும் உட்காருங்கள், நாற்காலியில் உட்கார்ந்தால் பறையின் அதிர்வு பாதிதான் வரும்.

கடற்கரைப் பக்கம்

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில், 1930இல் கடலில் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் இறந்த டென்மார்க்காரர் கார்ல் ஷ்மிட்டின் நினைவு மண்டபம் இருக்கும், எல்லோரும் அங்கேதான் சந்தித்துக்கொள்வார்கள். அதே கடற்கரைச் சாலையில்தான் நடனக் கலைஞர் சந்திரலேகா வாழ்ந்த இடம், 'ஸ்பேசஸ்'. 2006இல் அவர் மறைந்த பிறகும் அங்கே நடனம், நாடகம், கூட்டங்கள் நடக்கின்றன. இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த அரங்கம் எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைச் சொல்வேன், வசனத்துக்கு நடுவே கடல் காற்று வந்துபோகும். மண்டபத்துக்கு வடக்கே கொஞ்சம் நடந்தால் ஊரூர் ஆல்காட் குப்பம். கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா, சூழலியல் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமன், குப்பத்து மக்கள் எல்லாரும் சேர்ந்து 2015இல் அங்கே ஒரு விழா தொடங்கினார்கள், பரதமும் பறையாட்டமும் கர்நாடக இசையும் வில்லுப்பாட்டும் ஒரே மேடையில், மீனவர் குடியிருப்புக்கு நடுவில். அந்த முயற்சியிலிருந்து கிளைத்த நிகழ்ச்சிகள் அறிவிக்கப்பட்டால் தவறவிடாதீர்கள். ஆனால் அது சிலருடைய வீட்டு வாசல். கேட்காமல் யாரையும் போட்டோ எடுக்காதீர்கள்.

இரவு பத்து மணிக்கு மேல் கடற்கரையில் போலீஸ் வந்து கிளம்பச் சொல்வது வழக்கம். வாக்குவாதம் வேண்டாம், எழுந்து தெருப்பக்கம் வந்து பேச்சைத் தொடருங்கள்.

விடிய விடிய

ராத்திரி முழுக்க விழித்திருக்க வேண்டும் என்ற ஆசை இருப்பவர்கள் ஊரை விட்டுக் கொஞ்சம் வெளியே வர வேண்டும். காஞ்சிபுரம், செய்யாறு, திருவண்ணாமலைப் பக்கம் பங்குனியிலிருந்து ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். ராத்திரி பத்து மணி வாக்கில் தொடங்கி விடியும்வரை. முகவீணையும் ஆர்மோனியமும் மிருதங்கமும், தோளில் கட்டைகட்டி, தலையில் கிரீடத்தோடு திரைக்குப் பின்னாலிருந்து துரியோதனன் வருவார். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் அன்றைக்குப் பேப்பரில் வந்த செய்தியைக்கூட மகாபாரதத்துக்குள் இழுத்துவிடுவார். எந்த ஊரில் எந்த நாள் என்பது நாடகக்காரர்களுக்குத் தெரியும், நவீன நாடகம் போடுபவர்களில் நிறையப் பேர் கூத்து கற்றவர்கள். அவர்களைக் கேட்டு, நாலு பேராகச் சேர்ந்து போங்கள். கடைசி பஸ்ஸில் போய் முதல் பஸ்ஸில் திரும்புவதுதான் கணக்கு. பாயோ போர்வையோ எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் தூக்கம் வந்தால் தூங்கலாம், ஊர்க்காரர்களும் தூங்குவார்கள், முக்கியமான கட்டத்தில் பக்கத்தில் இருக்கும் பாட்டி தட்டி எழுப்பிவிடுவார்.

வீடு திரும்புவது

மெட்ரோ இரவு 11 மணிவரை ஓடும், எழும்பூரும் ஆயிரம் விளக்கும் நந்தனமும் அதில் இருப்பதால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். பறக்கும் ரயில் அதற்கு முன்பே குறைந்துவிடும், கடைசி வண்டி நேரத்தைப் போகும்போதே பார்த்துவிடுங்கள். பகலில் அந்த ரயிலில் போனால் இந்திரா நகர் நிலையச் சுவரைப் பாருங்கள், 2020இல் ஹெச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களின் முகங்களையும் சேர்த்து வரைந்த பெரிய சுவரோவியம்.

தனியாக வரும் பெண்களுக்கு: நாடக அரங்கங்களிலும் இலக்கியக் கூட்டங்களிலும் தனியாக வருவது சாதாரணம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சிரமம் திரும்பும் வழியில்தான். ஆட்டோவைத் தெருவில் நிறுத்திப் பேரம் பேசாமல் செயலியில் பதிவு செய்யுங்கள், வண்டி எண்ணைத் தோழிக்கு அனுப்புங்கள், தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியைப் போனில் வைத்திருங்கள், அவசரத்துக்கு 112. அரங்க வாசலில் நிற்கும் அந்தக் கூட்டத்தில் உங்கள் பக்கம் போகிறவர் ஒருவராவது இருப்பார், பெண்கள் அவர்களுக்குள்ளேயே கேட்டுச் சேர்ந்து போவது இங்கே பழக்கம்.

மூன்றாவது மாதத்திலிருந்து

பார்வையாளராகவே இருந்துவிடாதீர்கள். நாடகக் குழுக்களுக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறை. நடிக்க வராவிட்டாலும் விளக்குப் பிடிக்க, டிக்கெட் கிழிக்க, சாமான் தூக்க ஆள் வேண்டும், "ஏதாவது வேலை இருக்கா?" என்று கேட்டால் இல்லை என்று சொல்லும் குழுவை நான் பார்த்ததில்லை. பறை கற்றுக்கொள்ள விரும்பினால் புத்தர் கலைக்குழு போன்றவர்கள் பயிற்சி கொடுக்கிறார்கள். எழுதுகிறவர் என்றால் கவிதை மேடைகளில் பெயர் கொடுங்கள், ஐந்து நிமிடம் தருவார்கள், தமிழிலேயே வாசியுங்கள், நடுவில் தடுமாறினாலும் கை தட்டுவார்கள்.

அப்புறம், ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று ஓடாதீர்கள். ஏதாவது ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப அங்கேயே போங்கள். நாலைந்து முறை ஒரே முகத்தைப் பார்த்தால் இந்த ஊர்க்காரர்கள் பேர் கேட்டுவிடுவார்கள், பேர் கேட்டுவிட்டால் அடுத்த நிகழ்ச்சிக்கு அவர்களே போன் செய்வார்கள். இந்தச் சனிக்கிழமை எங்கே தொடங்குவது என்று இன்னும் யோசனையாக இருந்தால் பனுவலில் கூட்டம் இருக்கிறதா என்று விசாரியுங்கள், இல்லையென்றால் மாலையில் லலித் கலா அகாடமிக்குப் போங்கள்.